இரண்டு நாள், இரண்டு கடல், ஒரு தீவு

இராமேஸ்வரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா என்று முடிவானதும் நாம் முதலில் எழுதுவது இடங்களின் பட்டியலைத்தான். கோயில், அக்னி தீர்த்தம், கலாம் நினைவகம், ராமர் பாதம், தனுஷ்கோடி, பாம்பன் பாலம். வேன் ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நிமிடம் நிற்கும். இரவு ஊர் திரும்பும்போது பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். இதுவும் மகிழ்ச்சியான நாள்தான். ஆனால் இயற்கையை அறிவதற்காக அழைத்துச் செல்கிறோம் என்றால், அந்தப் பட்டியலைக் கடைசியில் எழுத வேண்டும் என்பது என் அனுபவம். முதலில் பார்க்க வேண்டியவை காற்று, நிலா, வெயில் ஆகிய மூன்றும்தான்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில், கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் ஒரு கிராமத்தின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவர்களில் பலர் அமாவாசைக்குக் குடும்பத்தோடு இராமேஸ்வரம் போய் வந்தவர்கள். கடலில் முங்கி எழுந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடலுக்குள் என்ன வாழ்கிறது, அது ஏன் ஒரு பக்கம் அமைதியாகவும் மறுபக்கம் சீற்றமாகவும் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. அதற்காகத்தான் எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேரை, நான்கு ஆசிரியர்கள் துணையோடு, இரண்டு நாள் பயணமாகப் பாம்பன் தீவுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினோம். அந்தத் திட்டமிடலின் படிகளை இங்கே பகிர்கிறேன். உங்கள் பள்ளிக்கு அருகில் வேறு கடற்கரையோ ஏரியோ மலையோ இருந்தாலும் இந்த முறை பொருந்தும்.

ஏன் இந்தத் தீவு?

பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம் கொண்ட சிறிய தீவு இது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கிழக்கே போகப் போக நிலம் குறுகி, தனுஷ்கோடிக்கு அப்பால் சாலையின் இருபுறமும் கடல் தெரியும். இரண்டு கடல்களை ஒரே இடத்தில் நின்று ஒப்பிடும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை.

இன்னொரு சிறப்பும் உண்டு. இந்தத் தீவை ஒட்டி, மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை வரிசையாக 21 சிறு தீவுகள் இருக்கின்றன. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப்பாறை, கடற்புல், கடற்பாசி, கடற்பசு, ஆமை என்று பாடநூலில் படமாகப் பார்ப்பவை வாழும் இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

முதல் படி: மாதத்தைக் காற்று முடிவு செய்யட்டும்

இந்தத் தீவின் மீனவர்கள் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பொதுவாக வடக்குக் கடல் ஆழம் குறைந்தது, அமைதியானது. தெற்குக் கடல் அலை மிகுந்தது. ஆனால் காற்று மாறும்போது இதுவும் மாறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்குக் கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் பொங்கும்.

குந்துகால் கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் இதை எங்களுக்கு இரண்டே வரியில் சொல்லிக்கொடுத்தார். “காத்து எந்தப் பக்கம்னு பாத்தீங்களா சார்? இன்னைக்கு வாடை. வடக்க போனா தண்ணி கலங்கிக் கெடக்கும், புள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. இங்கனயே நில்லுங்க.” அவர் சொன்னபடி அங்கேயே நின்றோம். முழங்கால் ஆழத்தில் கிடந்த சங்கின் வரிகள்கூடத் தெரிந்தன.

எங்களுக்கு ஏற்ற காலம் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழையும் புயலும் ஓய்ந்திருக்கும். வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும். கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலம் அது. வெயிலும் தாங்கும் அளவில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதால் தவிர்க்கிறோம். ஏப்ரல், மே மாத வெயிலில் நிழலே இல்லாத தனுஷ்கோடி மணலில் பிள்ளைகளை நிறுத்துவது சரியல்ல.

இரண்டாம் படி: நாளை நிலா முடிவு செய்யட்டும்

கரையோர உயிர்களைப் பார்க்க வேண்டுமானால் கடல் நீர் வற்றும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். இங்கே நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை சரிவில்லாமல் பரந்திருக்கும் இடங்களில் அந்தச் சிறு இறக்கமே வெகுதூரம் தரையைத் திறந்து காட்டிவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிக உயர்ந்து, மிகத் தாழும். ஆனால் அமாவாசையன்று இராமேஸ்வரம் முழுவதும் பக்தர் கூட்டம்; தை அமாவாசை என்றால் வேன் நிறுத்தவும் இடம் கிடைக்காது. ஆகவே பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுக்கிறோம். மகாசிவராத்திரித் திருவிழா நாள்களும் வராதபடி பார்த்துக்கொள்கிறோம். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ஓத நேரங்களையும் அலை முன்னறிவிப்பையும் வெளியிடுகிறது. அதைப் பார்த்து, நீர் வற்றும் நேரம் பகல் வெளிச்சத்தில் வரும் நாளாகக் குறித்துக்கொள்கிறோம். இந்த ஒரு நேரத்தை முதலில் நிறுத்திவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைக்கிறோம்.

இதையே வகுப்பறைக் கணக்காகவும் மாற்றலாம். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 7 மணிக்கு நீர் வற்றினால், அடுத்து எப்போது வற்றும்? தோராயமாக இரவு 7.25-க்கு. மறுநாள் காலை 7.50-க்கு. பத்து நாள் கழித்து? பயணத்துக்கு முந்தைய வாரம் மாணவர்களே கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதட்டும். கரைக்குப் போய் நின்று, தாங்கள் எழுதிய நேரத்துக்குக் கடல் பின்வாங்குவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் வியப்பை நீங்கள் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: இடங்களைக் குறையுங்கள்

இரண்டு நாளுக்கு நான்கு இடங்கள் போதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்றரை மணி நேரம். முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், படம் எடுக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் பார்க்கத் தொடங்குவார்கள். பதினைந்து நிமிடத்தில் வேனில் ஏற்றிவிட்டால் அந்த இரண்டாம் பகுதி வருவதே இல்லை.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு கேள்வி கொடுக்கிறோம். விடையை முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதல் நாள் காலை: குந்துகால். 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் வந்திறங்கிய இடம் இது. நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே தெரிவது குருசடைத் தீவு. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்பிகளுக்கும் இடையிலான தொடர்பை விளக்க விலங்கியல் பாடத்தில் வரும் பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற உயிரி வாழும் இடம் என்பதால் இத்தீவு உயிரியலாளர்களிடையே பெயர்பெற்றது. அது மணலுக்குள் புதைந்து வாழ்வதால் கண்ணில் படும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். தேசியப் பூங்காத் தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. படகுப் பயணம் உண்டா, எத்தனை பேருக்கு என்று வனத்துறை அலுவலகத்தில் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் கரையிலேயே பார்க்க நிறைய உண்டு. இங்கே எங்கள் கேள்வி: ஒரு சதுர மீட்டர் கரையில் எத்தனை வகை உயிர்த் தடயங்கள் இருக்கின்றன? கயிற்றால் சதுரம் கட்டி, குழுவாக எண்ணி, குறிப்பேட்டில் வரைவார்கள்.

முதல் நாள் பிற்பகல்: நீர் வற்றும் நேரத்தைப் பொறுத்து, பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் கரை அல்லது வடக்கே ஓலைக்குடா கரை. வாடை பலமாக இருந்தால் வடக்குக் கரையை விட்டுவிடுகிறோம். கடற்பாசி எடுக்கும் பெண்கள் இப்பகுதியில் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். முன்பே சொல்லி வைத்து, அவர்களில் ஒருவரை அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். அவருக்கு உரிய மதிப்பூதியத்தைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். கேள்வி: எல்லாப் பாசியையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் யாருக்கு நட்டம்?

இரண்டாம் நாள் விடியற்காலை: கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பு. இது பூநாரைகள் வரும் பகுதி. தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜூன் மாதம் அறிவித்தது. பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டி உண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறம் உணவிலுள்ள நிறமிகளிலிருந்து வருகிறது. கேள்வி: இந்தக் கூட்டத்தில் எத்தனை பறவைகள்? முதலில் பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணால் அளந்து, அதுபோல் எத்தனை கட்டங்கள் என்று எண்ணிப் பெருக்க வேண்டும். ஐந்து குழுக்களும் ஐந்து விடை சொல்லும். சராசரிக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பறவை வராத நாளும் உண்டு. அன்று எண் பூச்சியம் என்று எழுதுவதும் அறிவியல்தான்.

அதன் பிறகு தனுஷ்கோடி, அரிச்சல்முனை. 2017-இல் சாலை திறக்கப்படும் வரை கடைசிப் பகுதியை மணலிலும் நீரிலும் ஓடும் வண்டிகளில்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது வேன் முனை வரை போகும். இதனால் கூட்டமும் வரும். அதனால்தான் காலையிலேயே போகிறோம். சோதனைச் சாவடி திறக்கும், மூடும் நேரங்களை முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முற்பகலில் வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும்.

தனுஷ்கோடியில் இரண்டு பாடங்கள்

இந்த ஊரில் ஒரு நாள் முழுக்கக் கற்பிக்கலாம். நாங்கள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்று, நல்ல தண்ணீர். இரண்டு பக்கமும் உப்புக் கடல். நடுவே மணலில் ஆழமில்லாமல் தோண்டிய ஊற்றில் குடிநீர் எடுக்கிறார்கள் மீனவக் குடும்பத்தினர். ஒரு மாணவி ஒரு வாய் குடித்துவிட்டு, “சார், கடலுக்குப் பக்கத்துல எப்படி சார் உப்பு இல்லாம இருக்கு?” என்று கேட்டாள். மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. கடல்நீரை விட நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் நன்னீர். ஆழமாகத் தோண்டினாலோ மிகுதியாக இறைத்தாலோ உப்புநீர் மேலேறிவிடும். பள்ளிக்குத் திரும்பியதும் உப்புநீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் நிறம் சேர்த்த நன்னீரைக் கரண்டியின் பின்புறம் வழியாக மெல்ல ஊற்றிக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள். நிலத்தடி நீரை அளவோடு எடுப்பது பற்றி வேறு அறிவுரை தேவைப்படாது.

மற்றொன்று, இடிந்த சுவர்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் இந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரை அருகில் போய்ப் பார்த்தால் கற்களில் சிறு துளைகளும் கோலங்களும் தெரியும். அவை பவளக் கற்கள். இந்தக் கடற்கரையில் கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் பல காலம் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம். பவளப்பாறை கரைக்கு முன்னால் நின்று அலையின் வேகத்தை உடைக்கும் சுவர். அந்தச் சுவரை எடுத்து வீட்டுக்குச் சுவர் வைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை அந்த இடிபாட்டின் முன் நின்று கேட்கும்போது பிள்ளைகள் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த அமைதியை நாமும் கலைக்காமல் இருப்பது நல்லது. உயிர்கள் மறைந்த இடம் அது. சிரித்துப் படமெடுக்கும் இடமல்ல என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும், முள்ளுருண்டை போன்ற கதிர்களைக் காற்றில் உருட்டிவிடும் இராவணன் மீசைப் புல்லையும் காட்ட மறக்காதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துபவை இவைதான்.

பாதுகாப்பில் சமரசம் இல்லை

அரிச்சல்முனையில் நீரோட்டம் மிகக் கடுமையானது. மணல் காலடியிலேயே நகரும். அங்கே எவரும் நீரில் இறங்கக் கூடாது. இதைப் பயணத்துக்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் அறிவித்து, மாணவர்களிடமும் உறுதி வாங்கிவிடுகிறோம். வேறு கரைகளில் முழங்கால் ஆழம்தான் எல்லை. ஆசிரியர் இருவர் எப்போதும் மாணவர்களுக்கும் கடலுக்கும் நடுவில், கடற்பக்கமாக நிற்க வேண்டும்.

எட்டுப் பேருக்கு மேற்படாமல் ஒரு பெரியவர் பொறுப்பு. வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணிக்கை. பெண் ஆசிரியர் கட்டாயம். படகில் உயிர்காப்பு மேலாடை இல்லையென்றால் ஏறுவதில்லை. பாறைகளும் கடல்முள்ளிகளும் இருப்பதால் வார் வைத்த செருப்பு. ஒவ்வொருவருக்கும் தொப்பி அல்லது துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர். முதலுதவிப் பெட்டி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், தலைமையாசிரியர் வழியாகப் பெறும் துறை அனுமதி ஆகியவை கையில். பாலத்தின் மேல் வேனை நிறுத்திப் படம் எடுப்பதில்லை. 2025-இல் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலத்தைப் பாம்பன் கரையில் இறங்கி நிதானமாகப் பார்க்கலாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் பயணமே இல்லை. இன்னொரு மாதம் வரும்.

செலவு பற்றியும் ஒரு சொல். பணம் கட்ட முடியாததால் ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது. எங்கள் பள்ளியில் பெயர் கேட்கும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்னாள் மாணவர்களிடமும் பேசி முழுச் செலவுக்கும் வழி செய்துவிடுகிறோம். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது வகுப்பில் தெரியவே தெரியாது.

தீவிலிருந்து எதை எடுத்து வருவது?

பவளம், கடல் அட்டை போன்றவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. கரையில் கிடக்கும் வெற்றுச் சிப்பியையும் துறவி நண்டு வீடாக்கிக்கொள்ளும். ஆகவே எதையும் எடுத்து வருவதில்லை என்பது எங்கள் விதி. பவளப்பாறையின் மேல் கால் வைப்பதில்லை. மணல் திட்டில் மட்டும் நடப்பது. கொண்டு போன நெகிழிப் பை அத்தனையும் எண்ணித் திரும்ப வரும்.

எடுத்து வருவது குறிப்பேடு மட்டும். திரும்பிய வாரத்தில் ஒவ்வொரு குழுவும் தன் கேள்விக்கு ஒரு பக்க விடை எழுதிக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கிறது. வராத மாணவர்கள் கேட்கும் கேள்விகள் அடுத்த ஆண்டுப் பயணத்தின் கேள்விகளாகின்றன.

இந்தத் தீவில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம், தம் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் விளக்கிய ஆசிரியர், மாணவர்களுக்குப் புரியவில்லை என்றதும் மாலையில் அவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். ஓர் இடம், ஒரு கேள்வி, பார்ப்பதற்குப் போதிய நேரம். அவர் செய்தது இவ்வளவுதான்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்திலேயே ஒரு நாள்காட்டியை எடுத்து, உங்கள் ஊருக்கு ஏற்ற மாதத்தையும் பௌர்ணமியையும் வட்டமிடுங்கள். வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இடங்களின் பட்டியலை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.